விண்டோஸோடு வரும் 'போட்டோஸ்': காவடிப் படங்களைத் திருத்த இது போதுமா?

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் மொரிஷியஸ் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி சுற்றி வரும்: இத்தனை படங்களையும் சரிசெய்ய எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? கத்ர் போர்ன் மலைக்கோவிலில் எடுத்தது, போர்ட் லூயி கைலாசன் கோவிலில் எடுத்தது, சின்னம்மா போனிலிருந்து வந்தது என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும். மாதச் சந்தா கட்டுவதற்கு முன்னால், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் 11-இன் 'போட்டோஸ்' செயலியை ஒழுங்காகப் பயன்படுத்திப் பாருங்கள். வெட்டுவது, நேராக்குவது, நிழலில் கிடக்கும் முகத்தை வெளியே கொண்டுவருவது ஆகிய மூன்றையும் அது நன்றாகவே செய்கிறது. நிறம் திருத்துவதில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. சேமிக்கும் இடத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

படத்தைத் திறந்து 'எடிட்' குறியைச் சொடுக்கினால், அல்லது கன்ட்ரோல் விசையோடு 'ஈ'யை அழுத்தினால், திருத்தும் பக்கம் வரும். மெனு பிரெஞ்சில் இருந்தாலும் கவலையில்லை, குறிகள் அதேதான். வேலை முடிந்ததும் சேமிக்கப் போனால் இரண்டு வழி காட்டும். 'சேவ்' கொடுத்தால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் திறந்து பழையபடி ஆக்கச் சொல்லிக் கேட்க செயலிக்குள் எந்தப் பொத்தானும் கிடையாது. 'சேவ் அஸ் காப்பி' கொடுத்தால் புதிய கோப்பு உருவாகும், மூலம் தப்பும். எப்போதும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கை தவறிவிடும் என்று பயமிருந்தால், தொடங்கும் முன்பே மொத்த ஃபோல்டரையும் பிரதி எடுத்து 'மூலம்' என்று பெயர் வைத்து வேறு டிஸ்கில் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே 'சேவ்' கொடுத்துவிட்டீர்களா? படம் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்திருந்தால், பிரவுசர் வழியாக ஒன்டிரைவுக்குள் போய் அந்தக் கோப்பின் மேல் வலது சொடுக்கு கொடுங்கள். 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் முந்தைய வடிவம் கிடைக்கலாம். விண்டோஸின் 'ஃபைல் ஹிஸ்டரி'யை முன்பே இயக்கி வைத்திருந்தால், 'பிராப்பர்ட்டீஸ்' பெட்டியின் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' பக்கத்தில் பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால் படம் எடுத்த போனில் தேடுவதுதான் மிச்சம்.

மூலத்தைக் காப்பாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜேபெக் (JPG) படத்தைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகச் சுருக்கப்படுகிறது, கொஞ்சம் நுணுக்கம் போகிறது. ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியாது. திருத்தியதையே மறுபடி மறுபடி திறந்து திருத்தினால் வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். திருப்தி இல்லையென்றால் பிரதியைத் திருத்தாமல் மூலத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி செயலியின் நல்ல பக்கம். 'கிராப்' கருவி உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. கீழே இருக்கும் நீளமான அளவுகோலை இழுத்தால் படம் சாய்ந்து நேராகும், மூலைகளில் வெள்ளை விழாதபடி அதுவே உள்ளே வெட்டிக்கொள்ளும். நேராக்க எதைப் பிடிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கோவில் படங்களில் தரையைப் பார்க்காதீர்கள். மலையடிவாரக் கோவில்களில் தரையே சரிவாகத்தான் இருக்கும். கோபுரத்தின் நடுக்கோட்டையோ கொடிமரத்தையோ பிடித்து நிறுத்துங்கள். கத்ர் போர்ன் கோவிலுக்குப் பின்னால் கோர் தெ கார்த் மலை எப்படிச் சாய்ந்து நின்றாலும் கண் ஏற்றுக்கொள்ளும். கொடிமரம் இரண்டு பாகை சாய்ந்தால் ஏற்றுக்கொள்ளாது.

அச்சுப் போடும் எண்ணமிருந்தால் விகிதத்தையும் இங்கேயே பூட்டிவிட வேண்டும். பெரும்பாலான போன்கள் 4:3 விகிதத்தில் எடுக்கின்றன. இங்கே ஸ்டூடியோக்களில் வழக்கமாகப் போடும் 10 × 15 சென்டிமீட்டர் தாளோ 3:2. 4000 × 3000 பிக்சல் படம் அந்தத் தாளில் உட்கார வேண்டுமென்றால் உயரம் 2667 ஆகக் குறைய வேண்டும், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். நீங்கள் வெட்டாவிட்டால் கடையின் மெஷின் மேலும் கீழும் சமமாக வெட்டும். காவடியின் உச்சியிலிருக்கும் மயிற்பீலியும் காலடியில் நிற்கும் குழந்தையின் பாதமும் போவது இப்படித்தான். கிராப்பில் 3:2 தேர்ந்தெடுத்து, எது போகலாம் எது போகக்கூடாது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். படமெடுக்கும்போதே மேலே தாராளமாக இடம் விட்டிருந்தால் இந்தச் சங்கடம் வராது.

வெளிச்சம் திருத்தும் பகுதிதான் நமக்கு அதிகம் தேவைப்படுவது. காரணம் வானத்தில் இருக்கிறது. மொரிஷியஸ் தென் அட்சரேகை 20 பாகையில் இருக்கிறது. ஜனவரி மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். தைப்பூசம் அதை ஒட்டியே வருவதால், ஊர்வலம் கோவிலை எட்டும் நேரத்தில் எடுத்த படங்களில் நெற்றி பளபளக்கும், கண்குழி இருட்டாக இருக்கும். தோளிலிருக்கும் காவடியின் வளைவு வேறு முகத்தில் நிழல் போடும். இந்தப் படத்தை 'ஆட்டோ என்ஹான்ஸ்' கையில் கொடுத்தால் மொத்தப் படத்தையும் தூக்கிவிடும். வெளுத்த நெற்றி இன்னும் வெளுக்கும், நம் மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூசியது போல ஆகும். அந்தப் பொத்தானை நம்பாதீர்கள்.

அதற்குப் பதில் 'அட்ஜஸ்ட்மென்ட்' பகுதிக்குப் போய் கையால் செய்யுங்கள். முதலில் 'ஹைலைட்ஸ்' அளவுகோலை இடப்பக்கம் இழுத்து -40 வரை குறைக்கலாம். நெற்றியிலும் வெள்ளை வேட்டியிலும் விவரம் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு 'ஷேடோஸ்' அளவுகோலை வலப்பக்கம் 30, 35 வரை ஏற்றுங்கள். கண் தெரிய ஆரம்பிக்கும். அதற்குமேல் ஏற்றினால் இரண்டு கெடுதல் வரும்: இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும்பும், காவடியின் விளிம்பும் வானமும் சேருமிடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். இவ்வளவுக்கும் படம் மங்கலாகத் தோன்றினால் 'கான்ட்ராஸ்ட்'டை 8 அல்லது 10 ஏற்றுங்கள். 'எக்ஸ்போஷர்' பக்கம் கடைசியில்தான் போக வேண்டும், ஏனென்றால் அது வெள்ளையையும் இருட்டையும் ஒன்றாகவே தூக்கும் அல்லது இறக்கும். 'விக்னெட்' என்று ஓரத்தை இருட்டாக்கும் ஒன்று இருக்கிறது. குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்தான் பெரும்பாலும் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்ற பெரியம்மா. அவர் முகத்தை ஏன் இருட்டாக்க வேண்டும்?

அளவுகளை மாற்றும்போது கன்ட்ரோல் விசையோடு சாய்கோட்டு விசையை அழுத்தினால் மூலம் தெரியும். அடிக்கடி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் எந்த நிறத்துக்கும் பழகிவிடும்.

நிறத்துக்கு வருவோம். காவடி எடுப்பவர்கள் இங்கே உடுத்தும் அந்த அழுத்தமான ரோஜா நிறத் துணி போன் கேமராவுக்குப் பெரிய சோதனை. ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். உச்சி வெயிலில் அந்தத் துணியின் சிவப்பு சட்டென்று 255-ஐத் தொட்டு நின்றுவிடும். அப்போது துணியின் மடிப்பும் கரையும் மறைந்து தட்டையான ரோஜாத் திட்டு ஒன்றுதான் மிஞ்சும். 'சேச்சுரேஷன்' அளவுகோலை 10, 15 குறைத்தால் மிச்சமிருக்கும் மடிப்புகள் கொஞ்சம் தெரியும். முழுக்க நிரம்பிவிட்ட இடத்தில் எந்த அளவுகோலும் எதையும் திருப்பிக் கொண்டுவராது. அதைச் செயலியின் குறையாகச் சொல்ல முடியாது, தகவலே அங்கே இல்லை. அடுத்த முறை எடுக்கும்போது போன் திரையில் அந்தத் துணியின் மேல் விரலால் தட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எடுத்தால் வீட்டில் செய்யும் வேலை பாதியாகும்.

கல்யாணத்துக்குப் போடும் சால் வெர்த் பந்தலுக்குள் எடுத்த படங்கள் வேறு வகைத் தலைவலி. மேலே நீலத் தார்ப்பாய் போட்டிருந்தால் வாழையிலையில் பரிமாறிய சாதம்கூட நீலமாக இருக்கும். இங்கே 'வார்ம்த்' அளவுகோலை மஞ்சள் பக்கம் 20 முதல் 30 வரை நகர்த்துங்கள். சரிபார்க்க முகத்தைப் பார்க்காமல் சாதத்தைப் பாருங்கள். சாதம் வெள்ளையானால் மற்றதெல்லாம் தானே சரியாகும். பச்சைச் சாயல் மிஞ்சினால் 'டின்ட்' அளவுகோலை எதிர்ப்பக்கம் ஐந்தைந்தாக நகர்த்துங்கள். ஒரு பக்கம் தார்ப்பாய் நீலம், மறுபக்கம் மின்விளக்கு மஞ்சள் என்று இரண்டு வெளிச்சம் கலந்த படத்தை மட்டும் போட்டோஸால் திருத்த முடியாது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றும் வசதி அதில் இல்லை. தீமிதிக் குழியருகே இருட்டியபின் எடுத்ததில் நெருப்பின் செம்மையை முழுக்க நீக்கப் பார்க்காதீர்கள். பாதி குறைத்தால் போதும். முழுக்க நீக்கினால் நெருப்பு வெளுத்து உயிரில்லாமல் போகும்.

இவற்றையெல்லாம் செய்யும் முன் திரையைச் சரிபார்க்க வேண்டும். மாலையானால் 'நைட் லைட்' தானாக இயங்கித் திரையை மஞ்சளாக்கும்படி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த மஞ்சளைப் படத்தின் மஞ்சள் என்று நினைத்துக் குறைத்தால், மறுநாள் பகலில் முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' என்று போய் அதை அணைத்துவிட்டு உட்காருங்கள். லேப்டாப் திரையின் வெளிச்சத்தையும் முழு அளவில் வைக்காதீர்கள். முழு வெளிச்சத்தில் பார்த்துத் திருத்திய படம் தாளில் இருட்டாக வருவதற்குக் கடைக்காரர் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை.

'எரேஸ்' கருவியைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல வேண்டும். தெருவின் குறுக்கே ஓடும் மின்கம்பிகளை வானத்திலிருந்து நீக்குவதில் அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. தூரிகையின் அகலத்தைக் கம்பியைவிடக் கொஞ்சம் மட்டும் அதிகமாக வைத்து, சிறுசிறு துண்டாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். ஒரே இழுப்பில் முழுக் கம்பியையும் தேய்த்தால் கோபுரத்தைத் தொடும் இடத்தில் சிலைகள் உருகியது போல ஆகும். கூட்டத்துக்கு நடுவில் ஒருவரை நீக்கச் சொன்னால் இல்லாத ஒரு தோளையோ கையையோ அதுவே கற்பனை செய்து வரைந்து வைக்கும். கோவில் பெயர்ப்பலகைப் பக்கம் இந்தத் தூரிகையைக் கொண்டுபோகவே வேண்டாம், தமிழ் எழுத்துகள் எழுத்தல்லாத ஏதோ ஒன்றாக மாறும். இறந்துபோன பெரியவர்களின் பழைய படத்தில் முகத்தின் மேல் விழுந்த கீறலை இதனால் தேய்ப்பதும் கூடாது. வருவது அவர் முகமாக இருக்காது.

'பேக்கிரவுண்ட்' பகுதியில் பின்னணியை மங்கலாக்கலாம், நீக்கலாம், வேறு நிறம் வைக்கலாம். தனியாக நிற்பவரின் படத்துக்குப் பரவாயில்லை. காவடியோடு நிற்பவர் என்றால் மயிற்பீலியின் நுனிகளையும் தொங்கும் எலுமிச்சம்பழங்களையும் அது பின்னணி என்று நினைத்து அழித்துவிடுகிறது. கூடவே தரும் தூரிகையால் அவற்றைத் திரும்பச் சேர்க்கலாம், பொறுமை வேண்டும். விண்டோஸ் 11-இன் 'பெயின்ட்' செயலிக்கும் 2023-லிருந்து பின்னணி நீக்கும் வசதியும் லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாகப் படம் வைக்கும் அடுக்கு) வசதியும் வந்திருக்கின்றன. அழைப்பிதழில் வைக்க ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுக்கப் பெயின்ட்தான் கைக்கு எளிது. வெட்டியதைப் பிஎன்ஜி (PNG) வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் சேமித்தால் வெற்றிடம் வெள்ளையாக நிரம்பிவிடும்.

பிளாஷால் சிவந்த கண்ணைச் சரிசெய்யும் கருவி விண்டோஸ் 10-இன் பழைய போட்டோஸில் இருந்தது. புதியதில் எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'போட்டோஸ் லெகசி' என்று தேடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், புதியதோடு சண்டையில்லாமல் பக்கத்தில் இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் செயலி ஓடாமல் போகாது, ஆனால் புது வசதிகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய ஆல்பங்களில்தான் போட்டோஸ் கையை விரிக்கிறது. 1970, 80-களில் போட்ட கலர் படங்கள் அலமாரிக்குள் இருந்தாலும் நிறம் மாறும். நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுக்கச் செங்கலின் நிறத்துக்குப் போயிருக்கும். க்யூர்பிப் போன்ற மழையும் ஈரமும் மிகுந்த மேட்டுப் பகுதி வீடுகளில் பூஞ்சைப் புள்ளிகள் வேறு. இவற்றை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். 10 × 15 படம் அப்போது சுமார் 2362 × 3543 பிக்சலாக வரும், பெரிதாக்கிப் போடவும் தாங்கும். கண்ணாடித் தட்டை மென்மையான துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். ஸ்கேனில் விழும் தூசியை நீக்கும் நேரத்தில் இன்னும் ஐந்து படம் ஸ்கேன் செய்யலாம். ஆனால் அந்தச் செங்கல் நிறத்தை எடுக்க, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே நகர்த்தும் வசதி வேண்டும். போட்டோஸில் 'வார்ம்த்', 'டின்ட்' இரண்டே கருவி. அவற்றை எவ்வளவு நகர்த்தினாலும் நிழல்கள் சிவப்பாகவே நிற்கும், வெள்ளை மட்டும் பச்சையாகும். இந்த வேலைக்கு இலவசமாகவே கிடைக்கும் 'கிம்ப்' நல்லது. 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து மூன்று நிறத்தையும் தனித்தனியே சீராக்கலாம்.

வீட்டில் மேக் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதனோடு வரும், அதே பெயர் கொண்ட 'போட்டோஸ்' செயலியில் 'லெவல்ஸ்', 'கர்வ்ஸ்' இரண்டும் நிறம் பிரித்தே கிடைக்கின்றன. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெள்ளைச் சமநிலைக்கு வெள்ளைச் சட்டையின் மேல் ஒரு சொடுக்கு போதும். அதைவிட முக்கியமானது, எவ்வளவு திருத்தினாலும் மூலம் அழியாது. பல வருடம் கழித்து வந்தும் 'ரிவர்ட் டு ஒரிஜினல்' கொடுக்கலாம். ஒரு படத்தில் செய்த திருத்தங்களை நகலெடுத்து அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றவற்றில் ஒட்டலாம். விண்டோஸ் போட்டோஸில் இது கிடையாது, முந்நூறு படமென்றால் முந்நூறையும் ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும். ஆகவே முதலில் இருபது, முப்பது படத்தைப் பொறுக்கியெடுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

ஐபோன் படங்கள் கம்ப்யூட்டரில் திறக்க மறுப்பது அடிக்கடி கேட்கும் புகார். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன்கள் எச்.இ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கின்றன. சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அதற்கு ஸ்டோரிலிருந்து 'ஹீஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இறக்க வேண்டும், அது இலவசம். சிலவற்றில் அதோடு காசு கேட்கும் 'ஹெச்.இ.வி.சி.' நீட்சியும் தேவைப்படும். காசு கொடுக்க விருப்பமில்லையென்றால் ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபெக்காகவே வரும்.

திருத்திய படத்தை ரெயூனியனிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினருக்கு அனுப்பும் இடத்தில் பாடுபட்டதெல்லாம் வீணாவதும் உண்டு. வாட்ஸ்அப்பில் வழக்கம்போலப் படமாக அனுப்பினால் அது நீளப் பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கும். போன் திரைக்குப் போதும். 10 × 15 அச்சுக்கு 300 டிபிஐ கணக்கில் 1772 × 1181 வேண்டும், அதற்கே கொஞ்சம் குறைகிறது. பெரிய அளவில் சட்டம் போட்டு மாட்டுவதற்குச் சுத்தமாகப் போதாது. எடுத்த தேதியும் கோப்பிலிருந்து போய்விடும். அதே படத்தை இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால் ஒரு பிக்சலும் குறையாமல் போய்ச் சேரும். ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதாயிருந்தால் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். கொடுக்கும்போது மெஷினின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்துப் போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் குறைத்த அந்த ரோஜா நிறத்தை மெஷின் மறுபடி ஏற்றிவிடக்கூடும்.

அரசாங்க இணையப் படிவங்களில் இத்தனை கேபிக்குள் (கிலோபைட்டுக்குள்) படம் வேண்டும் என்று கேட்டால் வெளியே எங்கும் தேட வேண்டாம். போட்டோஸில் படத்தைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் 'ரிசைஸ் இமேஜ்' கொடுங்கள். பிக்சலையும் தரத்தையும் மாற்ற மாற்ற, இப்போதைய அளவும் புதிய அளவும் பக்கத்திலேயே தெரியும். முகப் படத்துக்கு முதலில் பிக்சலைக் குறைத்துப் பாருங்கள், தரத்தை 80-க்குக் கீழே இறக்காதீர்கள். முன்பின் தெரியாத இலவச இணையதளங்களில் அடையாள அட்டைப் படத்தை ஏற்றிச் சுருக்குவதைவிட இது பாதுகாப்பு, படம் உங்கள் கம்ப்யூட்டரைவிட்டு வெளியே போகவே போகாது.